காப்புறுதியைப் பாதியில் நிறுத்தினால் கட்டிய பணம் எங்கே போகிறது? 'டி.ஏ.சி.' கணக்கு சொல்லும் கதை

"மாசம் 200 ரிங்கிட், மூணு வருஷம் கட்டினேன். இப்போ நிறுத்தப் போனா கையில ஒண்ணும் வராதுன்னு சொல்றாங்க."

இப்படிச் சொல்லும் ஒருவர் உங்கள் குடும்பத்திலோ நண்பர் வட்டத்திலோ கண்டிப்பாக இருப்பார். அடுத்த வரி பெரும்பாலும் "எல்லாம் ஏமாத்து வேலை" என்பதாக இருக்கும். சில நேரம் விற்பனையில் உண்மையிலேயே தவறு நடந்திருக்கலாம். ஆனால் தவறே நடக்காத பாலிசியிலும் தொடக்க ஆண்டுகளில் கைக்குக் கிடைப்பது மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஏன்?

அதற்கான விடை, காப்புறுதி நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் பலர் தாண்டிப் போய்விடும் ஒரு கணக்கில் இருக்கிறது. ஆங்கிலத்தில் டெஃபர்ட் அக்விசிஷன் காஸ்ட், சுருக்கமாக டி.ஏ.சி. தமிழில் 'ஒத்திவைக்கப்பட்ட பாலிசி ஈட்டும் செலவு' எனலாம். பெயர்தான் பெரிது. உங்களை வாடிக்கையாளராகச் சேர்க்க நிறுவனம் செய்த செலவை எந்த ஆண்டுக் கணக்கில் எழுதுவது என்பதுதான் விஷயம்.

அந்தக் கேள்விக்கான பதில் மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு மாறியது. ஸ்கூடாயில் கணக்கியல் படிக்கிறவராக இருந்தாலும் சரி, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்து அங்கேயே ஒரு பாலிசி எடுத்தவராக இருந்தாலும் சரி, இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

முதலில், 'ஈட்டும் செலவு' என்றால் என்ன?

நீங்கள் கையெழுத்துப் போட்டு, பாலிசிப் புத்தகம் கைக்கு வருவதற்குள் நிறுவனம் நிறையச் செலவு செய்து முடித்திருக்கும். முகவருக்கு கமிஷன். அவருக்கு மேலே இருக்கும் குழுத் தலைவருக்கு ஒரு பங்கு. மருத்துவப் பரிசோதனை கேட்டிருந்தால் கிளினிக் கட்டணம். உங்கள் உடல்நிலை, வேலை, வயது ஆகியவற்றைப் பார்த்து 'இவரை ஏற்கலாமா' என்று முடிவு செய்யும் பிரிவின் சம்பளம். பாலிசியை கணினியில் பதிந்து வெளியிடும் செலவு.

இவற்றில் பெரியது பொதுவாக கமிஷன்தான். ஆயுள் காப்புறுதியில் கமிஷன் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. முதல் சில ஆண்டுகளில் அதிகம், பிறகு படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். ஆயுள் காப்புறுதி யாரும் கடைக்குப் போய்த் தேடி வாங்கும் பொருள் இல்லை. முகவர் பத்து பேரைப் பார்த்தால் ஒருவர் வாங்குவார். அந்த உழைப்புக்கான கூலி விற்பனையின் தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் நீண்ட கால வழக்கம்.

இங்கேதான் சிக்கல். செலவு முதல் ஆண்டிலேயே குவிகிறது. வருமானமோ இருபது, முப்பது ஆண்டுகளுக்குச் சிறுகச் சிறுக வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது நாம் எளிமைக்காக எடுத்துக்கொள்ளும் கற்பனை எண். வட்டி, வரி எதையும் சேர்க்கவில்லை. கூலாயில் இருக்கும் 25 வயது இளைஞர் ஒருவர் 10 ஆண்டு பாதுகாப்பு பாலிசி எடுக்கிறார். சேமிப்பு எதுவும் இல்லாத, வெறும் பாதுகாப்பு மட்டும் தரும் பாலிசி.

மாதப் பிரீமியம் 200 ரிங்கிட், அதாவது ஆண்டுக்கு 2,400 ரிங்கிட்.
இழப்பீடும் நிர்வாகச் செலவும் சராசரியாக ஆண்டுக்கு 1,500 ரிங்கிட்.
பாலிசியை ஈட்டும் செலவு 3,000 ரிங்கிட். இது முழுவதும் முதல் ஆண்டிலேயே போய்விடுகிறது.

பத்து ஆண்டில் மொத்த வரவு 24,000 ரிங்கிட். இழப்பீடும் நிர்வாகமும் 15,000. ஈட்டும் செலவு 3,000. மிச்சம் 6,000 ரிங்கிட். அதுதான் நிறுவனத்தின் மொத்த இலாபம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த 6,000 எந்தெந்த ஆண்டில் தெரிய வேண்டும் என்பதில்தான் கணக்காளர்கள் பிரிகிறார்கள்.

முதல் வழி: செலவானதை அந்த ஆண்டே எழுதிவிடு.
முதல் ஆண்டில் 2,400 வரவு. அதில் 1,500-ம் 3,000-ம் கழிந்தால் 2,100 ரிங்கிட் நட்டம். இரண்டாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் 900 ரிங்கிட் இலாபம். ஒன்பது ஆண்டுக்கு 8,100. அதில் முதல் ஆண்டு நட்டத்தைக் கழித்தால் 6,000. கணக்கு சரி.

இரண்டாவது வழி: செலவை ஒத்திவைத்து, ஆண்டுகளுக்குப் பங்கிடு.
அந்த 3,000 ரிங்கிட்டை முதல் ஆண்டிலேயே செலவாக எழுதாமல் ஒரு 'சொத்து' என்று ஏட்டில் வைக்கிறார்கள். பிறகு ஆண்டுக்கு 300 வீதம் பத்து ஆண்டுக்குச் செலவில் எழுதுகிறார்கள். 2,400-இல் 1,500-ம் 300-ம் போக, ஒவ்வோர் ஆண்டும் 600 ரிங்கிட் இலாபம். பத்து ஆண்டுக்கு அதே 6,000.

ஏட்டில் சொத்தாக நிற்கும் அந்தத் தொகைதான் டி.ஏ.சி. முதல் ஆண்டு முடிவில் 2,700. மூன்றாம் ஆண்டு முடிவில் 2,100. பத்தாம் ஆண்டு முடிவில் பூஜ்யம்.

கவனியுங்கள்: இரண்டு வழியிலும் கைக்கு வந்த பணமும் போன பணமும் ஒன்றுதான். மாறுவது எந்த ஆண்டு இலாபம், எந்த ஆண்டு நட்டம் என்று காட்டும் படம் மட்டுமே.

எது சரியான வழி?

இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

முதல் வழி எச்சரிக்கையானது. போன பணம் போனதுதான், அதைச் சொத்து என்று சொல்லி ஆறுதல் அடையாதே என்கிறது. ஆனால் இதில் ஒரு விநோதம் உண்டு. நன்றாக விற்கும் நிறுவனம் மோசமாகத் தெரியும். மேலே உள்ள பாலிசியை ஒரே ஆண்டில் 1,000 பேருக்கு விற்றால் அந்த ஆண்டில் 21 இலட்சம் ரிங்கிட் நட்டம் காட்ட வேண்டும். விற்பதையே நிறுத்திவிட்ட நிறுவனமோ, பழைய பாலிசிகளின் வரவால் பளபளப்பான இலாபம் காட்டும்! புதிய விற்பனை தரும் இந்த அழுத்தத்தை ஆங்கிலத்தில் நியூ பிஸ்னஸ் ஸ்ட்ரெயின் என்பார்கள்.

இரண்டாவது வழி, வரவையும் அதற்கான செலவையும் ஒரே ஆண்டில் பொருத்துகிறது. ரப்பர் தோட்டம் போட்டவரை நினைத்துப் பாருங்கள். கன்று நட்ட ஆண்டில் செலவு மட்டும்தான் இருக்கும். மரம் பால் தர ஐந்தாறு ஆண்டு ஆகும். நட்ட செலவு முழுவதையும் முதல் ஆண்டு நட்டம் என்று எழுதினால் தோட்டத்தின் உண்மை நிலை தெரியாது.

ஆனால் ரப்பர் மரம் கண்ணுக்குத் தெரியும், வெட்டினால் கட்டையாவது மிஞ்சும். டி.ஏ.சி. என்ற சொத்தை விற்க முடியாது, அடகு வைக்கவும் முடியாது. வாடிக்கையாளர் தொடர்ந்து பிரீமியம் கட்டுவார் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே அதன் மதிப்பு. அவர் நிறுத்திவிட்டால் அந்தச் சொத்தும் காலி.

அதனால்தான் அமெரிக்காவில் ஒரே நிறுவனம் இரண்டு விதமாகக் கணக்கு வைக்கிறது. முதலீட்டாளர்களுக்கான கணக்கில் ஈட்டும் செலவை ஒத்திவைக்கலாம். நிறுவனத்தால் கடனைத் தீர்க்க முடியுமா என்று பார்க்கும் கண்காணிப்பு அதிகாரிகளுக்கான கணக்கில் உடனே செலவாக எழுதியாக வேண்டும். ஒருவர் பார்ப்பது 'இந்த வணிகம் இலாபமானதா' என்று. மற்றவர் பார்ப்பது 'நாளைக்கே இழுத்து மூடினால் பாலிசிதாரருக்குப் பணம் இருக்குமா' என்று.

இந்த விவாதம் புதிதும் இல்லை. 1863-இல் ஆகஸ்ட் ஸில்மர் என்ற ஜெர்மானிய காப்புறுதிக் கணித நிபுணர், தொடக்கச் செலவைப் பாலிசியின் இருப்பு நிதியிலேயே கழித்துக்கொண்டு பின்வரும் பிரீமியங்களிலிருந்து ஈடுகட்டும் முறையை முன்வைத்தார். இன்றும் அந்த முறைக்கு அவர் பெயர்தான்.

ஒரே கமிஷன், இரண்டு விதக் கணக்கு

2004-இல் வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 4 என்ற அனைத்துலகக் கணக்கியல் தரம் ஒரு தற்காலிக ஏற்பாடு. ஒவ்வொரு நாடும் தான் ஏற்கெனவே வைத்திருந்த வழக்கத்தைப் பெரும்பாலும் தொடரலாம் என்று அது விட்டுவிட்டது. மலேசியாவில் அதன் வடிவம் எம்.எஃப்.ஆர்.எஸ். 4.

அதன்கீழ், மலேசிய ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக கமிஷனையும் முகவர் செலவுகளையும் ஏற்பட்ட ஆண்டிலேயே செலவாக எழுதின. அதாவது முதல் வழி.

ஆனால் ஹாங்காங்கில் தலைமையகம் கொண்ட ஏ.ஐ.ஏ. குழுமத்தின் ஆண்டறிக்கையில், ஒத்திவைக்கப்பட்ட ஈட்டும் செலவு என்று ஒரு பெரிய சொத்து தனி வரியாகவே இருந்தது. அதாவது இரண்டாவது வழி. அந்தக் குழுமம் மலேசியா உட்பட ஆசியாவின் பல நாடுகளில் வணிகம் செய்கிறது.

இதன் பொருள் என்ன? மாசாயில் ஒரு முகவர் பாலிசி விற்று வாங்கும் கமிஷன், உள்நாட்டுக் கணக்கு வழக்கத்தில் 'இந்த ஆண்டுச் செலவு'. கடல் கடந்து குழுமக் கணக்குக்குப் போனால் அதே வகைச் செலவு 'சொத்து'. இரண்டும் விதிப்படி சரி. ஆனால் இரண்டு நாட்டு நிறுவனங்களின் இலாபத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட நினைக்கும் முதலீட்டாளருக்குத் தலை சுற்றும்.

இந்தியாவும் முதல் வழியைத்தான் பின்பற்றி வந்திருக்கிறது. ஈட்டும் செலவை ஏற்பட்ட காலத்திலேயே செலவாக எழுத வேண்டும் என்பது அங்குள்ள காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் 2002-இல் கொண்டுவந்த நிதியறிக்கை விதிகளில் இருந்தது.

2023-இல் என்ன மாறியது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அனைத்துலகக் கணக்கியல் தர வாரியம் 2017 மே மாதம் ஐ.எஃப்.ஆர்.எஸ். 17-ஐ வெளியிட்டது. மலேசியா அதே ஆண்டு அதை எம்.எஃப்.ஆர்.எஸ். 17 என்று ஏற்றது. தொடங்கும் தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2023 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தக்காஃபுல் நிறுவனங்களுக்கும் இதே தரம்தான். சிங்கப்பூரும் இதற்கு இணையான தரத்தை அதே நாளில் தொடங்கியது. ஆக, ஜொகூர் பாலத்தின் இரண்டு பக்கமும் இப்போது ஒரே கணக்கு மொழி.

புதிய தரத்தில் ஆயுள் பாலிசிகளுக்கு டி.ஏ.சி. என்ற தனிச் சொத்து வரி பெரும்பாலும் மறைந்துவிட்டது. செலவு மறையவில்லை. ஒப்பந்தத்தின் கணக்குக்கு உள்ளேயே போய்விட்டது.

எப்படி? நம்ம கூலாய் பாலிசியையே எடுத்துக்கொள்வோம். பாலிசி தொடங்கும் நாளில் நிறுவனம் முழுக் கதையையும் கணிக்க வேண்டும். வரப்போகும் பிரீமியம் 24,000. போகப்போகும் இழப்பீடும் நிர்வாகமும் 15,000. ஈட்டும் செலவு 3,000. மிச்சம் 6,000. இந்த 6,000-ஐ முதல் நாளே இலாபம் என்று சொல்லக் கூடாது. 'இன்னும் சம்பாதிக்காத இலாபம்' என்று ஏட்டில் வைத்து, சேவை தரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 600 வீதம் விடுவிக்க வேண்டும். இதை ஒப்பந்தச் சேவை இலாபம் என்று சொல்லலாம். ஆண்டறிக்கைகளில் சி.எஸ்.எம். என்ற மூன்றெழுத்தில் வரும்.

ஆண்டுக்கு 600 இலாபம் என்பது டி.ஏ.சி. வழியில் கிடைத்த அதே விடைதான் இல்லையா? வட்டியும் இடர் ஒதுக்கீடும் சேர்ந்தால் உண்மைக் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் அடிப்படை இதுவே.

அப்படியென்றால் எதற்கு இவ்வளவு பாடு? மூன்று முக்கிய வேறுபாடுகள் உண்டு.

ஒன்று, நட்டத்தை மறைக்க இடமில்லை. மேலே உள்ள பாலிசியை விற்க 3,000-க்குப் பதில் 10,000 ரிங்கிட் செலவு செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 24,000-இல் 15,000-ம் 10,000-ம் போனால் 1,000 ரிங்கிட் பள்ளம். அந்த நட்டத்தைப் பங்கிட்டு எழுத முடியாது. முதல் நாளே முழுதாகக் காட்ட வேண்டும். இலாபமான பாலிசிக் குழுவின் இலாபத்தைக் கொண்டு நட்டக் குழுவின் பள்ளத்தை மூடிக் காட்டவும் முடியாது. எனவே 'கமிஷனை அள்ளிக் கொடுத்து விற்பனையைக் கூட்டுவோம்' என்ற உத்தி கணக்கில் உடனே அம்பலமாகும்.

இரண்டு, எந்தச் செலவைப் பங்கிடலாம் என்ற வரையறை. பாலிசிகளின் ஒரு தொகுப்புக்கு நேரடியாகச் சேரும் செலவு என்றால், வாங்காமல் போன வாடிக்கையாளருக்காகச் செய்த செலவும் அதில் அடங்கலாம். அமெரிக்க விதி வேறு. அங்கு 2010-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெற்றிகரமாக முடிந்த விற்பனைக்கான செலவை மட்டுமே ஒத்திவைக்க முடியும். முகவர் பத்து பேரைப் பார்த்து ஒருவருக்கு விற்றால், மற்ற ஒன்பது பேருக்கான செலவு யார் கணக்கில் என்பதில் உலகம் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மூன்று, மேல் வரியே மாறிவிட்டது. முன்பு வருமான அறிக்கையின் தொடக்கத்தில் 'மொத்தப் பிரீமியம்' இருக்கும். இப்போது 'காப்புறுதி வருவாய்' என்று இருக்கும். உங்களுக்கு எப்படியும் திருப்பித் தர வேண்டிய சேமிப்புப் பகுதி அதில் சேராது. ஈட்டும் செலவை ஈடுகட்டும் பகுதி ஆண்டுதோறும் வருவாயிலும் அதே அளவு செலவிலும் எழுதப்படும். ஆக, புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட ஒரு காப்புறுதிப் பங்கின் 2022-க்கு முந்தைய அறிக்கையையும் இப்போதைய அறிக்கையையும் நேரடியாக ஒப்பிட்டு 'வருமானம் விழுந்துவிட்டதே' என்று பதறாதீர்கள். அளக்கும் கோலே வேறு.

நீங்கள் மூன்றாம் ஆண்டில் நிறுத்தினால்?

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வரலாம். அந்த இளைஞர் மூன்று ஆண்டு கட்டிவிட்டு நிறுத்துகிறார்.

அவர் கட்டியது 7,200 ரிங்கிட். அந்த மூன்று ஆண்டுக்கான இழப்பீடும் நிர்வாகமும் 4,500. ஈட்டும் செலவு 3,000. கூட்டினால் 7,500. நிறுவனத்துக்கு 300 ரிங்கிட் நட்டம். அவருக்கும் கையில் ஒன்றும் இல்லை, நிறுவனத்துக்கும் இல்லை. பணம் முகவர், கிளினிக், நிர்வாகம், அந்த மூன்று ஆண்டில் இழப்பீடு வாங்கிய மற்ற குடும்பங்கள் என்று பிரிந்து போய்விட்டது.

டி.ஏ.சி. முறையில் இது எப்படித் தெரியும்? மூன்று ஆண்டும் 600 வீதம் 1,800 ரிங்கிட் இலாபம் காட்டியிருப்பார்கள். ஏட்டில் இன்னும் 2,100 ரிங்கிட் சொத்து நிற்கும். வாடிக்கையாளர் போனதும் அதை அடித்துவிட வேண்டும். 1,800 இலாபத்தில் 2,100 போனால் அதே 300 நட்டம். நிறையப் பேர் ஒரே நேரத்தில் நிறுத்தினால், நேற்று வரை இலாபம் காட்டிய நிறுவனம் திடீரென்று பெரிய நட்டம் காட்டுவது இப்படித்தான்.

எம்.எஃப்.ஆர்.எஸ். 17-இல் அடி சற்று வேறு விதமாக விழும். எத்தனை பேர் பாதியில் நிறுத்துவார்கள் என்பதை நிறுவனம் முதலிலேயே கணித்திருக்க வேண்டும். கணித்ததைவிட அதிகமானவர்கள் போனால், மீட்க முடியாத அந்த 2,100 ரிங்கிட் அந்தக் குழுவில் மிஞ்சியிருப்பவர்களின் எதிர்கால இலாபத்திலிருந்து கழியும். எதிர்கால இலாபம் முழுவதும் தீர்ந்துவிட்டால், அதற்கு மேல் வருவதெல்லாம் உடனடி நட்டம்.

சேமிப்பு கலந்த பாலிசியாக இருந்தால் நிறுவனம் இந்த இழப்பைத் தானே சுமக்காமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்திருக்கும். பழைய பாணிப் பாலிசிகளில் முதல் சில ஆண்டுகளுக்குச் சரண் மதிப்பு இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். முதலீட்டுடன் இணைந்த பாலிசிகளில் தொடக்க ஆண்டுகளில் பிரீமியத்தின் ஒரு பகுதி மட்டுமே முதலீட்டு அலகுகளாக மாறும். மீதி செலவுக்குப் போகும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சரண் மதிப்பைத் தீர்மானிப்பது கணக்கியல் தரம் இல்லை, உங்கள் ஒப்பந்தம். எம்.எஃப்.ஆர்.எஸ். 17 வந்ததால் உங்கள் பழைய பாலிசியின் சரண் மதிப்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: முதலிலேயே செலவாகிவிட்ட அந்த 3,000 ரிங்கிட்.

அந்தச் செலவை யார் சுமக்க வேண்டும்?

சுமக்கக்கூடியவர்கள் நான்கு பேர்: போகிறவர், இருக்கிறவர், நிறுவனத்தின் பங்குதாரர், விற்ற முகவர். எல்லாவற்றையும் போகிறவர் தலையில் கட்டுவது நியாயமா?

ஜெர்மனி 2008-இல் சட்டத்தை மாற்றியது. சரண் மதிப்பைக் கணக்கிடும்போது ஈட்டும் செலவைக் குறைந்தது முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பரப்ப வேண்டும். முதல் ஆண்டிலேயே முழுதாக உறிஞ்சிவிடக் கூடாது. இந்தியாவில் 2024 அக்டோபர் 1 முதல், ஓராண்டுப் பிரீமியத்தை முழுதாகக் கட்டி முதல் ஆண்டை முடித்தவர்களுக்கே சிறப்புச் சரண் மதிப்பு தர வேண்டும் என்ற விதி வந்தது. போகிறவருக்கு அதிகம் கொடுத்தால், அந்தச் சுமை முகவர் கமிஷனில் குறையும், அல்லது இருக்கிறவர்களின் பலனில் குறையும். வேறு மந்திரம் கிடையாது.

மலேசியாவில் பேங்க் நெகாரா 2015-இல் வெளியிட்ட ஆயுள் காப்புறுதி, குடும்பத் தக்காஃபுல் கட்டமைப்பு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. விற்பனை அளவை மட்டும் பார்த்து முகவருக்குக் கொடுக்காமல், வாடிக்கையாளர் பாலிசியைத் தொடர்கிறாரா போன்ற தர அளவுகோல்களையும் ஊதியத்துடன் இணைக்கும் மதிப்பீட்டு முறை அதில் உண்டு. உங்களுக்குப் பொருந்தாத பாலிசியை விற்றால், நீங்கள் விட்டுப் போகும்போது அவருக்கும் வலிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

கையெழுத்துப் போடும் முன்: விற்பனை விளக்கப் பட்டியலில் ஆண்டுவாரியாக எண்கள் இருக்கும். முகவர் பெரும்பாலும் 20-ஆம் ஆண்டு வரியைக் காட்டுவார். நீங்கள் முதல் ஐந்து வரிகளைப் பாருங்கள். விநியோகச் செலவு எவ்வளவு, அந்த ஆண்டில் நிறுத்தினால் சரண் மதிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். "அண்ணே, மூணாவது வருஷம் நிறுத்தினா எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முகவர் உங்கள் சொந்த மாமாவாக இருந்தாலும் கேட்கலாம்.

வாங்கிய உடனே மனம் மாறினால்: பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பிரீமியம் திரும்பக் கிடைக்கும். மருத்துவப் பரிசோதனைக்குச் செலவானதை மட்டும் கழிக்கலாம். அதுவும் ஈட்டும் செலவின் ஒரு துண்டுதான் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் இந்தக் கால அவகாசம் 14 நாள்.

பாதியில் கட்ட முடியாவிட்டால்: நேராகச் சரண் செய்வது கடைசி வழியாக இருக்கட்டும். காப்புத் தொகையைக் குறைத்து பிரீமியத்தைக் குறைக்க முடியுமா, சரண் மதிப்பு சேர்ந்திருந்தால் மேற்கொண்டு கட்டாமல் சிறிய தொகைக்குப் பாலிசியைத் தொடர முடியுமா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். செலவு ஏற்கெனவே கழிந்துவிட்டது. பலன் வரத் தொடங்கும் நேரத்தில் விடுவதுதான் அதிக நட்டம்.

"பழசை விட்டுட்டு இதை எடுங்க" என்று யாராவது சொன்னால்: இரண்டு முறை யோசியுங்கள். புதிய பாலிசி என்றால் புதிய ஈட்டும் செலவு, புதிய கமிஷன். முதல் ஆண்டிலிருந்து மறுபடியும் ஆரம்பம். அது மட்டும் இல்லை. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, ஆயுள் பாலிசி இரண்டு ஆண்டு கடந்துவிட்டால், மோசடி இருந்தால் தவிர, நீங்கள் கொடுத்த தகவலில் பிழை என்று சொல்லி நிறுவனம் அதை ரத்து செய்ய முடியாது. புதிய பாலிசியில் அந்த இரண்டு ஆண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மருத்துவ அட்டையின் காத்திருப்புக் காலமும் அப்படியே.

சிங்கப்பூரில் வேலை பார்த்து அங்கே பாலிசி எடுப்பவர்களுக்கு: பிரீமியம் சிங்கப்பூர் வெள்ளியில். சம்பளமும் அதே வெள்ளியில் வரும்வரை பாரம் தெரியாது. மூன்று ஆண்டு கழித்து ஜொகூர் பாருவிலேயே வேலைக்குத் திரும்பினால், ரிங்கிட் சம்பளத்தில் அந்தப் பிரீமியம் கனக்கும். பலர் பாலிசியை நிறுத்தத் தோன்றுவது அப்போதுதான், அதுவும் ஈட்டும் செலவு மீளாத ஆண்டுகளில். பாலம் கடக்கும் வாழ்க்கை எத்தனை ஆண்டு என்று யோசித்து, அதற்கேற்ற காலத்துக்கும் தொகைக்கும் எடுங்கள்.

கமிஷனே வேண்டாம் என்றால்: நேரடியாக வாங்கும் பாலிசிகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் 2015 முதல் கமிஷன் இல்லாத நேரடிக் கொள்முதல் பாலிசிகள் கிடைக்கின்றன. மலேசியாவில் ஊழியர் சேமநிதி வாரியம் 2022-இல் தொடங்கிய ஐ-லிண்டுங் தளத்தில் இணையம் வழியாகவே வாங்கலாம். ஆனால் அங்கே உங்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இல்லை. எவ்வளவு காப்பு தேவை, எதெல்லாம் விலக்கு என்பதை நீங்களே படித்து முடிவு செய்ய வேண்டும்.

புகார் இருந்தால்: முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் நிதிச் சந்தை குறைகேள் சேவை அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.-க்குக் கொண்டுபோகலாம். தவறாக விற்கப்பட்டது என்ற புகாரும், சரண் மதிப்பு குறைவு என்ற வருத்தமும் ஒன்றல்ல. உங்களிடம் காட்டிய விளக்கப் பட்டியலும் கையில் உள்ள பாலிசியும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டுப் போனால் உங்கள் வாதம் வலுவாக இருக்கும்.

ஆயுள் காப்புறுதி நீண்ட காலத்துக்கான ஒப்பந்தம். அதன் விலை பத்து, இருபது ஆண்டுக்குப் போடப்பட்டது. ஆனால் செலவு முதல் ஆண்டிலேயே நடந்து முடிகிறது. அந்த இடைவெளியைக் கணக்காளர்கள் ஏட்டில் பரப்பி எழுதலாம், உங்கள் பர்ஸில் அப்படிப் பரப்ப முடியாது. அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "மாசம் இருநூறு கட்ட முடியுமா" என்பது அல்ல. "இதை எத்தனை வருஷம் கட்டுவேன்" என்பதுதான்.